தைல மரத்தடியில் இறங்கிப்போன ஞாபகம்

மேல்மலைப் போளூரில் யாருக்காவது கொடைக்கானலிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால், காலையில் சேனாதிபதியின் சவாரி ஜீப் கிளம்புவதற்குள் டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்து கத்திவிட்டுப் போனால் போதும். அதுதான் ஊர் வழக்கம். கடை, அளவு, நிறம், கடைக்காரனோடு பழைய சண்டை ஏதாவது இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கத்த வேண்டும்.

"சேனாதியண்ணே, எங்க மாமியாருக்கு சுகர் மாத்திர. மஞ்ச அட்ட. வெள்ள அட்டையக் குடுத்தான்னா வாங்காதீங்க, அதுக்கு வயித்தால போகுது."

"மாமா, மூஞ்சிக்கல் கடத்தெரு டெய்லர்ட்ட என் ரவிக்க கெடக்கு. கைய லூசு பண்ணச் சொன்னேன். பண்ணிருக்கானான்னு பாத்து வாங்குங்க."

"நான் எப்படிம்மா பாக்க?"

"ஒங்க காலு நொழையுதான்னு பாருங்க. நொழஞ்சா என் கையும் நொழையும்."

வாயில் பாக்கை அதக்கிக்கொண்டு சேனாதிபதி தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். சாயங்காலம் ஜீப் திரும்பும்போது மஞ்சள் அட்டை மாமியாருக்கும், ரவிக்கை ரவிக்கைக்காரிக்கும், கேரட் விதை கேரட்காரனுக்கும் அந்தந்த வாசலில் இறங்கிவிடும். ரிட்டயரான ஞானவேல் வாத்தியார் மட்டும் ஒருநாள், படித்தவர் என்ற தோரணையில், ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். சேனாதிபதி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வாத்தியாரே, இத வச்சு மூக்கத் தொடைங்க. பனிக்கு ஒழுகுது. என்ன வேணும்னு வாயால சொல்லுங்க."

இந்தப் பெருமைக்கு ஒரே ஒரு ஓட்டை உண்டு. சொந்த வீட்டுக்கு அவர் எதையும் வாங்கி வந்ததில்லை. மனைவி முருகேஸ்வரி பெருங்காயம் கேட்டால் பெருங்காயம் வராது. கேட்டுக் கேட்டு அலுத்து, தன் பிறந்த ஊரான மன்னவனூரில் தம்பியிடம் சொல்லி வாங்கிக்கொள்வாள். "ஊரு சோலின்னா மூளையில ஏறும். வீட்டுச் சோலின்னா டயர்ல ஏறும்" என்பாள். ஊர் சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை விட்ட காலை. போளூருக்கும் மன்னவனூருக்கும் நடுவே உள்ள வளைவில், கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியாத மூடுபனியில், ரோட்டுக்கு நடுவே ஒரு காட்டுமாடு நின்றது. சேனாதிபதி பிரேக்கை மிதித்தார். ஜீப் நிற்கவில்லை. ஈர ரோட்டில் வழுக்கிக்கொண்டே போய், முன் சக்கரம் ஒன்று ரோட்டை விட்டு இறங்கி, பள்ளத்தின் விளிம்பில் நின்ற ஒரு தைல மரத்தில் பம்பரை முட்டி நின்றது. மரம் இல்லையென்றால் ஜீப் இல்லை, உள்ளே உட்கார்ந்திருந்தவர்களும் இல்லை, பின்னால் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் மட்டும் குதித்திருக்கலாம். காட்டுமாடு எதையோ மென்றுகொண்டே இதையெல்லாம் பார்த்துவிட்டு, பிடிக்காத சினிமாவிலிருந்து எழுந்து போகிறவரைப் போல ஓரமாகப் போய்விட்டது.

சேனாதிபதி பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் ஒவ்வொருவராக இறக்கினார். "முன்னாடி இருக்கவங்க மொதல்ல. பின்னாடி இருக்கவங்க கனமா உக்காருங்க. வாத்தியாரே, மூச்ச விடாம எறங்குங்க." எல்லோரும் இறங்கிய பிறகு அவர் இறங்கினார். யாருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. அழகுமலையின் வேட்டியில் பீடி விழுந்து ஒரு பொத்தல், அது மட்டும்தான் சேதம். மேலே கேரியரில் கட்டியிருந்த பால்காரி ஜோதிமணியின் கேன் கயிறு அறுந்து பள்ளத்தில் உருண்டு போயிற்று.

அன்றைக்கு ஊரே தேங்காய் உடைத்தது. "ஒண்ணும் ஆகலல்ல, அது போதும்" என்று எல்லோரும் சொன்னார்கள். சேனாதிபதியும் டீக்கடையில் அதையே சொன்னார். காட்டுமாடு எப்படி மென்றது என்று நடித்துக் காட்டினார். ஒரு வாரம் அந்த நடிப்புக்குத் தினமும் டீ இலவசம்.

அவர் நடித்துக் காட்டாதது ஒன்று உண்டு. ஜனம் இறங்கி முடியும்வரை, காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு, அவர் அந்தக் கேன் உருளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடங், கடங், கடங். எங்கேயாவது முட்டி நிற்கும், நின்றதும் பள்ளத்தின் ஆழம் தெரியும் என்று காத்திருந்தார். அது நிற்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது இன்னும் நிற்கவில்லை.

அழகுமலைதான் மரத்தைச் சாமியாக்கியவர். பீன்ஸ் போட்டு இரண்டு போகம் அழுகிப்போன பிறகு அவருக்குக் கையில் நிறைய நேரம் இருந்தது. முதலில் மரத்தில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டினார். அடுத்த வாரம் அடியில் ஒரு கல்லை நட்டார். அதற்கடுத்து மணி வந்தது, விபூதித் தட்டு வந்தது, வண்டிதாங்கி முனி என்று பெயரும் வந்தது. அந்த வழியாகப் போகிற எந்த வண்டியும் நின்று கும்பிடாமல் போகக் கூடாது என்று சட்டம் வந்தது. மற்ற வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டு நழுவிவிடும். சேனாதிபதி நழுவ முடியாது. அவருடையது மூல வண்டி.

"ஒன்னாலதான மாப்ள சாமியே வந்துச்சு. ஒங்கையால கொளுத்துனாத்தான் அதுக்குத் திருப்தி" என்று அழகுமலை தினமும் காலையில் கற்பூரத்தை அவர் கையில் கொடுப்பார். கற்பூரம் எரிந்து முடிகிற வரைக்கும் அழகுமலை கதை சொல்வார். அன்றைக்கு வண்டியில் யாராவது புது ஆள் இருந்தால் கதை நீளும். நாளுக்கு நாள் காட்டுமாடு பெருத்தது, பள்ளம் ஆழமானது, சக்கரம் ஒன்றிலிருந்து இரண்டாகி மூன்றானது. "நாலாவது சக்கரத்துல நின்னுச்சுங்க வண்டி, ஒத்தச் சக்கரத்துல! கீழ எட்டிப் பாத்தேன், தேனி டவுனே தெரியுது!"

சேனாதிபதி கற்பூரத் தட்டோடு சிரித்த முகமாக நிற்பார். சிரித்த முகம் என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. அவருடைய முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பனியால் என்று நினைத்தார்கள்.

கார்த்திகை வாக்கில் முதல் தப்பு நடந்தது. ஞானவேல் வாத்தியாரின் பல்செட் உடைந்து கொடைக்கானலில் ரிப்பேருக்குக் கிடந்தது. ரவிக்கைக்காரி கந்தம்மாளுக்குப் புதிதாகத் தைத்தது வர வேண்டியிருந்தது. சாயங்காலம் கந்தம்மாள் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளேயிருந்து பல்வரிசை ஒன்று அவளைப் பார்த்துச் சிரித்தது. ரவிக்கை வாத்தியார் வீட்டுக்குப் போயிருந்தது. வாத்தியாரின் மனைவி, இது யாருடைய ரவிக்கை என்று பல் இல்லாத மனிதரை விடிய விடிய விசாரித்தார். அவர் சொன்ன பதில் எதுவும் அந்த அம்மாளுக்குப் புரியவில்லை.

ஊர் சிரித்தது. சேனாதிபதியும் சிரித்தார். பிறகு மாட்டுக்கு வாங்கிய கால்சியம் பாட்டில் இருமல் மருந்து கேட்ட அழகுமலையிடம் போனது. அவர் இரண்டு மூடி குடித்துவிட்டு, நெஞ்சு லேசாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு பொருள்கள் மாறுவதுபோய், வராமலே போக ஆரம்பித்தன. கொடைக்கானலில் ஏழு ரோடு சந்திப்பின் நடுவே நின்றுகொண்டு, யார் என்ன சொன்னார்கள் என்று யோசித்தால், தலைக்குள் மூடுபனி. காலையில் ஜன்னலில் வாய்கள் அசைந்தது மட்டும் தெரியும்.

இதில் ஒரு விசேஷம் இருந்தது. வளைவைத் தாண்டி மன்னவனூரில் ஏறியவர்கள் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆட்டுப் பண்ணைப் பக்கத்து ஆள் ஒருவர் தன் பேத்திக்குக் கேட்ட, ஓரத்தில் பூ வைத்த ஊதா நிறச் சீப்பு, சரியாக அதே ஊதாவில் வந்தது. போளூர்க்காரர்கள் அதைக் கேள்விப்பட்டார்கள்.

"பொண்டாட்டி ஊருன்னா மட்டும் மூள வேல செய்யுது போல" என்றாள் ஜோதிமணி. அவள் சேனாதிபதிக்கு முறைப்பெண், வாய்க்கு வரிவிலக்கு உண்டு. பள்ளத்தில் போன கேனுக்குப் பதில் புதுக் கேன் வாங்கித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் ஜன்னலுக்கு வந்து, "மச்சான், என் கேனு?" என்பாள். "இன்னைக்கு வந்துரும்" என்பார். வராது. "நான் மன்னவனூர்ல போயி நின்னு கேக்கவா? அங்கனாத்தான ஒங்களுக்குக் காது திறக்கும்?"

முருகேஸ்வரி இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறதி அவளுக்குப் புதிதல்ல. இத்தனை வருடம் தனக்கு மட்டும் கிடைத்தது இப்போது ஊருக்கும் கிடைக்கிறது, கிடைக்கட்டும் என்று இருந்தாள். அவளைப் பயமுறுத்தியது ரசம்.

ஒருநாள் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். சேனாதிபதி பேசாமல் சாப்பிட்டு முடித்தார். வேண்டுமென்றே அடுத்த நாளும் போடவில்லை. சாப்பிட்டார். "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை. முருகேஸ்வரி அதற்கப்புறம்தான் கவனித்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நிற்கும் ஜீப்புக்குள் இஞ்சினைப் போடாமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். பாக்குப் போடுவதை விட்டுவிட்டார். பொங்கலுக்குத் திண்டுக்கல்லிலிருந்து வந்த மகள் மகாதேவி பேசிக்கொண்டே இருந்தாள், அவர் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தார். போகும்போது, "அப்பா, நான் என்ன சொன்னேன்?" என்று அவள் கேட்டதற்கு, "உடம்பப் பாத்துக்கத்தா" என்றார். அவள் மாசமாக இருப்பதைச் சொல்லியிருந்தாள். அந்தப் பதில் எப்படியோ பொருந்திப்போனதால் மகள் கண்டுபிடிக்கவில்லை. முருகேஸ்வரி கண்டுபிடித்தாள்.

அடுத்த வாரம் வில்பட்டியிலிருந்து ஒரு ஆள் ஜீப்பைப் பார்க்க வந்தான். பானெட்டைத் தூக்கிப் பார்த்து, டயரை எட்டி உதைத்து, விலை கேட்டான்.

"எந்த வண்டிக்கு வில கேக்குறீங்க?" என்றாள் முருகேஸ்வரி.

"அண்ணன்தாங்க புரோக்கர்ட்ட சொல்லிருந்தாரு."

"அண்ணன் சொன்னாரா? இது முனி எறங்கின வண்டிங்க. ஸ்டீரிங்க வேத்தாளு தொட்டா ரத்தம் கேக்கும். கூட்டிட்டுப் போறீங்களா?"

வில்பட்டிக்காரன் டயரிலிருந்து காலை எடுத்துவிட்டுப் போய்விட்டான். சாயங்காலம் சேனாதிபதி ஜீப்புக்குள் போய் உட்கார்ந்ததும் முருகேஸ்வரியும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன இது?"

ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு."

அவருடைய அப்பா சின்னச்சாமி கடைசி நாலைந்து வருடம் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு இருந்தவர். எப்போதோ விற்ற காளைகளைத் தேடி வெள்ளனே எழுந்து காட்டுக்குள் போய்விடுவார். கண்டுபிடித்துக் கூட்டிவரப் போகிற மகனைப் பார்த்து, "தம்பி எந்த ஊரு? ஜீப்பு நல்லா வச்சிருக்கியே" என்பார்.

"இன்னைக்குப் பல்செட்ட மாத்திக் குடுத்தேன். நாளைக்கு ரோட்ட மறந்துட்டா? உள்ள அத்தன சனம் உக்காந்துருக்கு முருகேசு. ஒருதடவ மரம் இருந்துச்சு."

முருகேஸ்வரி அவர் கையைப் பிடிக்கவில்லை; அது அந்த வீட்டு வழக்கமில்லை. "சரி. அந்த நோயின்னு டாக்டர் சொல்லட்டும். நானே வில்பட்டிக்கு ஓட்டிட்டுப் போயிக் குடுத்துட்டு வாரேன்" என்றாள். அவளுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது.

கொடைக்கானலில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், ஸ்வெட்டர் கையைச் சுருட்டி விட்டிருந்தார்.

"சொல்லுங்க சார், என்ன பிராப்ளம்?"

"ஞாபகம் போயிருச்சு மேடம்."

"எப்ப இருந்து?"

"போன ஐப்பசி, செவ்வாக்கெழம. எங்கம்மா தெவசத்துக்கு மொத நாளு. மழ விட்டு வெயிலு வரல."

டாக்டர் அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "ஓகே. நான் மூணு வேர்ட்ஸ் சொல்றேன். அப்புறமா கேட்பேன், ஞாபகம் வச்சுக்கோங்க. ஆப்பிள், குடை, சாவி."

"யார் வீட்டுக்கு மேடம்?"

"என்னது?"

"யார் வீட்டுல குடுக்கணும்?"

முருகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் என்ன வேலை செய்கிறார் என்று டாக்டர் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்பாவுக்கு வந்ததை முருகேஸ்வரி சொன்னதும் டாக்டர் கேட்டார். "அவருக்கு மறக்குதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்ததா?"

"எங்கப்பாவுக்கா? தனக்கு ஒண்ணுமில்லன்னு சத்தியம் பண்ணுவாரு. எங்களுக்குத்தான் கிறுக்குன்னுவாரு."

"நீங்க என்னென்ன மறந்தீங்க, சொல்லுங்க."

சேனாதிபதி ஆரம்பித்தார். பல்செட், ரவிக்கை, கால்சியம், கேன், கந்தம்மாளின் குக்கர் வாஷர், வாத்தியாரின் கண் சொட்டு மருந்து, ஒவ்வொன்றும் யார் வீடு, என்ன கிழமை, அவர்கள் முகம் எப்படிச் சுருங்கியது என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"மறந்ததெல்லாம் இவ்ளோ கரெக்டா ஞாபகம் இருக்கே! சரியா கொண்டு போய்க் கொடுத்தது ஒண்ணு சொல்லுங்க."

சேனாதிபதி யோசித்தார். ஜன்னலுக்கு வெளியே டூரிஸ்ட் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒன்றும் வரவில்லை.

"ஏன், ஊதாச் சீப்பு?" என்றாள் முருகேஸ்வரி. "பிரசவ வலின்னு துடிச்ச ராஜகுமாரிய விடியுறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து சேத்தீங்களே, அது?"

"ஆமா" என்றார், யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்டதுபோல.

"தூக்கம்?"

"வரும், போகும்."

"வந்தாத்தான மேடம் போறதுக்கு?" என்றாள் முருகேஸ்வரி.

"அழுகை வருதா?"

"டிரைவர் அழலாமா மேடம்?"

"நான் டிரைவரைக் கேட்கல."

அப்போதுதான் அந்தக் கேனைப் பற்றிச் சொன்னார். உருண்டதை, சத்தம் நிற்காததை, படுத்தால் தலையணைக்குள் அது உருள்வதை. முருகேஸ்வரி அதை முதல் தடவையாகக் கேட்டாள். இத்தனை மாதம் பக்கத்தில் படுத்தவளிடம் சொல்லாமல், பார்த்து அரை மணி நேரம்கூட ஆகாத ஒரு பெண்ணிடம் சொல்கிறாரே என்று கோபம்தான் முதலில் வந்தது.

"இது உங்க அப்பாவுக்கு வந்தது மாதிரி எனக்குத் தெரியல" என்றார் டாக்டர். "தைராய்டு, விட்டமின் எல்லாம் பிளட் டெஸ்ட்ல பார்த்துடலாம். ஆனா இது டிப்ரஷன். கூடவே ஆங்ஸைட்டி. மனசு பயத்துல உட்கார்ந்திருக்கும்போது வேற எதுவும் அதுல பதியாது. நீங்க மறக்கல சார். அவங்க சொன்னது உள்ள போகவே இல்ல."

சேனாதிபதி தன் பாஷையில் அதைத் திருப்பிப் பார்த்தார். "வண்டி ஃபுல்லா இருந்தா, ரோட்டுல கைகாட்டுறவன ஏத்த முடியாது."

"எக்ஸாக்ட்லி."

"ஆனா மேடம், மன்னவனூர்ல கைகாட்டுறவங்கள மட்டும் எப்படி ஏத்துறேன்?"

முருகேஸ்வரிக்குப் பிடிபட்டுவிட்டது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "மரம்! ஏங்க, மரம்! போளூர்ல சொல்லும்போது இவரு மனசு முன்னாடியே மரத்தடிக்குப் போயிருது மேடம். எங்க ஊருக்கு வரயில மரம் தாண்டிருது, நாளைக்குத்தான் அடுத்த கற்பூரம்!"

எந்த மரம் என்று டாக்டர் கேட்டார். மணி, மஞ்சள் துணி, கற்பூரம், தேனி தெரிகிற பள்ளம் வரை எல்லாவற்றையும் முருகேஸ்வரி சொன்னாள்.

"ஆக்சிடெண்ட் ஆன ஸ்பாட்ல டெய்லி வண்டிய நிறுத்தி, டெய்லி அதே கதையைக் கேட்டு, கையில கற்பூரம் வேற?" டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "யாரோட ஐடியா இது?"

"அழகுமலைன்னு ஒருத்தருங்க."

"அவரைக் கொஞ்சம் கூட்டிட்டு வர முடியுமா?"

"வேணாம் மேடம். வந்தாருன்னா இங்க ஒங்க வாசல்லயும் ஒரு மரத்தப் பாத்துருவாரு."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், முதலில் கொஞ்ச நாள் மந்தமாக இருக்கும், ஒரு வாரம் வண்டியைத் தொடவே கூடாது, பிறகு தன்னிடம் காட்டிவிட்டு எடுக்கலாம், வாரம் ஒரு தடவை வந்து பேச வேண்டும் என்றார். கதவுவரை போன சேனாதிபதி திரும்பி நின்றார். "ஆப்பிள், கொட, சாவி. ஆப்பிள் எத்தன கிலோன்னு நீங்க சொல்லல."

அந்த வாரம் ஜீப் ஓடவில்லை. போளூர்க்காரர்கள் பஸ்ஸில் போய்த் தங்கள் சாமான்களைத் தாங்களே வாங்கினார்கள். கந்தம்மாள் தன் ரவிக்கையைத் தானே போய் வாங்கிவந்து, அளவு சரியில்லை என்று பழக்கதோஷத்தில் சேனாதிபதியைத் திட்டினாள்.

மரத்தை என்ன செய்வது என்று முருகேஸ்வரி நாலு நாள் யோசித்தாள். நிறுத்தாமல் போகச் சொன்னால் அழகுமலை விட மாட்டார், ஊரும் பயப்படும். டாக்டர் சொன்னார் என்றால், சாமியைவிட டாக்டர் பெரிதா என்பார்கள். டிரைவருக்கு மனசு சரியில்லை என்று தெரிந்தால் வண்டியில் ஏறவும் யோசிப்பார்கள். சாமி விஷயத்தைச் சாமிதான் முடிக்க முடியும் என்ற முடிவுக்கு வந்தாள்.

டாக்டர் சரி என்ற பிறகு ஜீப் மறுபடி கிளம்பிய வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து, முடியை முடியாமல், முன்சீட்டில் ஏறினாள். தம்பி வீட்டுக்குப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மரத்தடியில் ஜீப் நின்றது. அழகுமலை கற்பூரத்தை எடுத்தார். "புதுசா வந்தவங்க கேட்டுக்கங்க, அன்னைக்கு இந்த எடத்துல..."

"நிறுத்துடா!"

முருகேஸ்வரி முடியை விரித்துப்போட்டுக்கொண்டு ரோட்டு நடுவில் ஆடினாள். அவள் குடும்பத்தில் யாருக்கும் சாமி வந்ததில்லை. மன்னவனூர்த் திருவிழாவில் பார்த்ததை வைத்து, இடது காலை அதிகமாகத் தூக்கி, ஒரு மாதிரி ஒப்பேற்றினாள்.

"ஆத்தா, யாரு வந்துருக்கது?" அழகுமலை கற்பூரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"யாருன்னா கேக்குற? ஒங்க வண்டியத் தாங்குன முனிடா! குளுருதுடா எனக்கு இங்க! ஒத்தையில நிக்கிறேன். வாரவன் போறவனெல்லாம் நிறுத்தி எந்தூக்கத்தக் கெடுக்குறான். நீ வேற தெனமும் வந்து அதே கதையச் சொல்லி என் உசுர வாங்குற!"

"என்ன செய்யணும்னு சொல்லு சாமி, செஞ்சுருவோம்."

"பிடிமண் எடுத்து ஊருக்குள்ள கொண்டுபோடா! டீக்கடைக்குப் பக்கத்துல வையி. காலையில ஒரு டீ போதும் எனக்கு. இந்த வளைவுல இனிமே ஒருத்தன் வண்டிய நிறுத்தக் கூடாது!"

பிடிமண் என்றால் மறு பேச்சில்லை. சாமி இடம் மாற விரும்பினால் அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் புது இடத்தில் வைப்பதுதான் முறை. எல்லா ஊரிலும் பாதிச் சாமிகள் அப்படி வந்தவைதான். அதுபோக, டீக்கடைக்குப் பக்கத்து வீடு அழகுமலையின் வீடு. தினமும் இவ்வளவு தூரம் வந்து குளிரில் நிற்கிற வேலை மிச்சம். சாமியின் அறிவை அவர் அப்போதே மெச்சினார். துண்டை விரித்து மண்ணை அள்ளினார்.

முருகேஸ்வரி ஒரு கொட்டாவி விட்டாள், சாமி மலையேறியது. முடியை முடிந்துகொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து, "என்ன, எல்லாரும் எறங்கி நிக்கிறீக? நேரமாகலையா? வெரசா ஏறுங்க" என்றாள்.

சேனாதிபதி வண்டியை எடுத்தார். வளைவு தாண்டியதும் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. பின்னால் இருந்தவர்கள் பயந்தார்கள். "ஐயையோ, டிரைவருக்கும் சாமி வருது, ஓரமா நிறுத்தச் சொல்லுங்க!" அவர் ஓரமாக நிறுத்தினார். ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே ஆரம்பித்தது என்று பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் தெரிந்தது. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "எடது காலு வலிக்குது" என்றாள்.

முனி இடம் மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அழகுமலைக்குச் சந்தோஷமாக இருக்கும். ஊரில் அவர் அப்படித்தான் சொல்கிறார். அப்படி நடக்கவில்லை. வளைவு அங்கேயேதான் இருந்தது. முதல் வாரம் ஜன்னலில் சொன்னதில் பாதி வரவில்லை. கந்தம்மாளுக்கு உளுந்துக்குப் பதில் துவரை வந்தது. நடுவில் ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார். மறுபடி ஜீப்புக்குள் போய் உட்கார ஆரம்பித்தார். முருகேஸ்வரி காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் திட்டினார். பிறகு மெதுவாக, எந்த நாளில் என்று யாராலும் சொல்ல முடியாதபடி, சாமான்கள் வீடு மாறாமல் வரத் தொடங்கின. வாத்தியார் வாயால் சொன்ன கண் சொட்டு மருந்து வந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ரசக் கிண்ணத்தைத் தள்ளிவைத்து, "என்னடி இது, கழனித் தண்ணியா?" என்றார். முருகேஸ்வரி அடுக்களைக்குள் போய், மகளுக்கு போன் போட்டு, "ஒங்கப்பா நல்லாருக்காரு" என்றாள்.

ஆடி மாதக் காற்றில், ஒரு சாயங்காலம், ஜீப் ஜோதிமணி வீட்டு வாசலில் நின்றது. சேனாதிபதி புது அலுமினியக் கேனை இறக்கினார். வழியெல்லாம் அது மேலே கேரியரில் கடகடத்துக்கொண்டு வந்திருந்தது. அந்த வளைவிலும் கடகடத்தது. அவருக்கு உள்ளங்கை வேர்த்தது, கியரை மாற்றினார், கேன் மேலேயே இருந்தது.

ஜோதிமணி கேனைத் தூக்கிப் பார்த்தாள். "என்ன மச்சான் இது, சிமிழு மாதிரி? என் கேனு பத்து லிட்டருல்ல?"

"எது பத்து லிட்டரு?"

"பள்ளத்துல போட்டீங்களே, அது."

சேனாதிபதி ஜீப்பிலிருந்து இறங்கினார். இஞ்சினை நிறுத்திவிட்டே இறங்கினார். "ஏ புள்ள, ஒங்கேனு அஞ்சு லிட்டரு. தைப்பூசத்துக்குப் பழனி போனப்ப அடிவாரத்துல பேரம் பேசி வாங்குனது. அடியில ஒரு நெளிசலு. மூடி அதோடது இல்ல, ஒங்க சின்னம்மா வீட்டுத் தூக்குவாளி மூடி, பொருந்தாம செவப்புத் துணி வச்சுக் கட்டிருந்த. அன்னைக்கு அதுல பாலு பாதிதான் இருந்துச்சு, மீதி தண்ணி. பத்து லிட்டராம்!"

"எம்பால்ல தண்ணியா? மறதிக்காரரு பேச்சப் பாரு!"

"மறதி எனக்குத்தான். ஒனக்கு வந்துருக்கது வேற. அதுக்கு மாத்திரயே கெடையாது!"

தெரு கூடிவிட்டது. கந்தம்மாள் அஞ்சு என்றாள். அழகுமலை, பத்து இல்லை, இருபது லிட்டர், உருண்டபோது தேனி வரைக்கும் சத்தம் கேட்டது என்றார். அந்த வார்த்தைக்குச் சேனாதிபதி ஒரு நொடி நின்றார். பிறகு, "மாமா, நீங்க சும்மா கெடங்க. ஒங்க முனிக்கு டீ ஆறுது" என்று சொல்லிவிட்டு மறுபடி ஜோதிமணி பக்கம் திரும்பினார். சண்டை நல்ல உச்சத்துக்குப் போனது. நாலு வீடு தள்ளி அடுக்களையில் இருந்த முருகேஸ்வரிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டாள். ரொம்ப நாளைக்கப்புறம் அந்தத் தொண்டை முழுசாகத் திறந்திருந்தது.

வீட்டுக்குள் வந்தபோது அவருக்கு முகமெல்லாம் வேர்த்து, பசித்திருந்தது.

"நான் சொன்ன பெருங்காயம்?" என்றாள்.

சேனாதிபதி சட்டைப் பையைத் தடவினார். இன்னொரு பையையும் தடவினார். "நீ எப்பச் சொன்ன?"

"காலையில. ஜன்னல்ல நின்னு. எல்லார் மாதிரியும்."

"சொன்னியா?"

இதை மட்டும் முருகேஸ்வரி டாக்டரிடம் கடைசிவரை சொல்லவில்லை. தம்பிக்கு போன் போட்டுப் பெருங்காயம் வாங்கி வைக்கச் சொன்னாள்.